சைக்கிள் என்ன பாவம் பண்ணுச்சு?

முதல்லயே டிஸ்கி போட்டுடறேன்: நான் டாக்டர் இல்லை. 46 வயசு, செஞ்சிப் பக்கம் தொண்டூர், கையில ஒரு சைக்கிள். அவ்ளோதான் நம்ம தகுதி. "இது பொம்பளைங்க சமாச்சாரம்"னு நைசா நழுவப் பாக்குற ஆம்பளைங்க கொஞ்சம் நில்லுங்க. உங்க வீட்டுல நாப்பதைத் தாண்டின அம்மாவோ அக்காவோ மனைவியோ இருந்தா, இது உங்களுக்கும் சேர்த்துதான்.

வேலைக்கு தினம் போக 5, வர 5 கிலோமீட்டர் சைக்கிள்லதான் போறேன். 2021-ல பொம்பளைங்களுக்கு டவுன் பஸ் இலவசம் ஆனதுல இருந்து ஊர்ல ஒரே கேள்வி: "சும்மா கெடக்குற பஸ்ஸை விட்டுட்டு உனக்கு ஏன்டி இந்த மிதி?" பஸ் அது நேரத்துக்கு வரும், சைக்கிள் என் நேரத்துக்கு வரும்னு சொல்லிட்டுப் போயிடுவேன். ஆனா போன வருஷம் அந்தக் கேள்வி வேற ரூபம் எடுத்துச்சு.

45 முடிஞ்சதும் எனக்கு மாசக் கணக்கு தப்ப ஆரம்பிச்சது. ரெண்டு மாசம் ஒண்ணும் இருக்காது. மூணாவது மாசம் வந்தா பத்து நாள், பன்னெண்டு நாள் நிக்காது. கட்டி கட்டியாப் போகும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின். தொண்டூர் மேட்டுல மிதிக்கும்போது மூச்சு வாங்கி, இறங்கித் தள்ளிட்டுப் போக ஆரம்பிச்சேன். விஷயம் எப்படியோ தெருவுக்குத் தெரிஞ்சு போச்சு. அவ்ளோதான், ஆளாளுக்கு தீர்ப்பு. "சைக்கிள் மிதிச்சா சூடு ஏறாம என்ன பண்ணும்?" "கர்ப்பப்பை எறங்கிடும்டி, இந்த வயசுல விட்டுடு."

எனக்குப் பத்திக்கிட்டு வர்ற இடம் இதுதான். இதே தெருவுல ரெண்டு இடுப்புலயும் ரெண்டு குடம் வச்சுக்கிட்டு அரை மைல் நடந்தவங்க எத்தனை பேரு? நெல்லு மூட்டையைத் தூக்கி வண்டியில போட்டவங்க எத்தனை பேரு? பிள்ளை பெத்து முப்பது நாள்ல களத்துக்குப் போனவங்க எத்தனை பேரு? கர்ப்பப்பை இறக்கத்துக்கு நெசமான காரணங்க இதெல்லாம்தான்: அடுத்தடுத்த பிரசவம், ஓயாம கனம் தூக்குறது, நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், வயசாகி ஈஸ்ட்ரோஜன் குறையறது. குடத்தைத் தூக்காதேன்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் என்கிட்ட சொன்னதில்ல. வீட்டுக்கு உழைக்கிற பாரம் உடம்பைக் கெடுக்காது, அவ இஷ்டத்துக்கு ஏறிப்போற சைக்கிள் மட்டும் கெடுத்துடும்! என்னா கணக்குங்க இது?

புதுசு ஒண்ணும் இல்ல. 1890-கள்ல இங்கிலாந்துலயும் அமெரிக்காவுலயும் பொண்ணுங்க சைக்கிள் ஏற ஆரம்பிச்சப்போ அங்க இருந்த டாக்டருங்களும் இதே பாட்டுதான். கர்ப்பப்பை கெடும்னாங்க. முகமே கோணிப்போகும்னு "சைக்கிள் முகம்"னு ஒரு வியாதியையே கண்டுபிடிச்சாங்க. அந்த வியாதி போன இடம் தெரியல. புதுக்கோட்டையில 1991-92 வாக்குல அறிவொளி இயக்கத்தோட சேர்ந்து, ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்போ, ஆயிரக்கணக்குல கிராமத்துப் பொண்ணுங்க சைக்கிள் கத்துக்கிட்டாங்க. அவங்க கேட்ட வசவைப் பத்தி பி. சாய்நாத் எழுதியிருக்கார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காம ஆம்பளை சைக்கிள்லயே ஏறி, முன்னாடி பார்ல குழந்தையையும் உக்கார வச்சுக்கிட்டுப் போனவங்க அவங்க. அன்னைக்கு இருபது, முப்பதுல இருந்தவங்களுக்கு இன்னைக்கு ஐம்பதும் அறுபதும்.

இன்னொரு கணக்கு சொல்றேன். நம்ம அரசாங்கம் பள்ளிப் பொண்ணுங்களுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பிச்சது 2001-02ல. முதல்ல ஆதிதிராவிடர், பழங்குடிப் பொண்ணுங்களுக்கு, அப்புறம் எல்லாருக்கும். அன்னைக்கு பதினொண்ணாவது படிச்ச பொண்ணுக்கு இப்ப 40 வயசு. ஒரு தலைமுறையே சைக்கிளும் கையுமா இந்த வயசுக்குள்ள நுழையுது. அவங்ககிட்ட போய் "சூடு"ன்னு சொல்லி இறக்கி விடப் போறீங்களா?

சரி, என் கதைக்கு வர்றேன். ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன் (பேரும் சொல்ல மாட்டேன், ஊரும் சொல்ல மாட்டேன்). டாக்டரம்மா நிமிர்ந்துகூட பாக்கல. "சைக்கிள் ஓட்டுறீங்களா? முதல்ல நிறுத்துங்க. பிள்ளைங்க பெத்தாச்சு இல்ல, இனிமே எதுக்கு அது? எடுத்துடலாம்." ஒரு ஸ்கேன், நாலு நிமிஷம், ஒரு தொகை. ரத்தம் எவ்ளோ இருக்குன்னுகூட பாக்கல.

இது எனக்கு மட்டும் நடக்குற கதை இல்ல. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி 15-லேர்ந்து 49 வயசுக்குள்ள இருக்கிற இந்தியப் பொண்ணுங்கள்ல நூத்துக்கு மூணு பேருக்கு மேல கர்ப்பப்பை எடுத்தாச்சு. பெரும்பாலும் தனியார் ஆஸ்பத்திரிகள்லதான். ராஜஸ்தான், பீகார், சத்தீஸ்கர்ல தேவையில்லாம எடுத்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2023 ஏப்ரல்ல மாநிலங்கள் எல்லாம் மத்திய அரசோட வழிகாட்டு நெறிகளைப் பின்பற்றணும்னு தீர்ப்பு வந்துச்சு. மகாராஷ்டிராவுல பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டுற பொண்ணுங்க கதை இன்னும் கொடுமை. லீவு எடுத்தா கூலி போகுமேன்னு எடுத்துக்கிட்டாங்க. எடுக்க வேண்டிய நிலைமை நிறைய பேருக்கு வருது, நான் மறுக்கல. புற்று இருந்தா, வேற எதுவும் கேக்காத பெரிய கட்டியா இருந்தா எடுத்துத்தான் ஆகணும். ஆனா அது கடைசிக் கதவு. சினைப்பையையும் சேர்த்து சின்ன வயசுல எடுத்துட்டா எலும்பும் இதயமும் வாங்குற அடியை யாரு சொல்றாங்க?

நான் எழுந்து வந்துட்டேன். அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரெண்டு மணி நேரம் க்யூ, ஆனா அங்க இருந்த டாக்டரம்மா உக்கார வச்சுப் பேசினாங்க. மாதவிடாய் நிக்கறதுக்கு முன்னாடி சில வருஷம் இப்படித்தான் தடுமாறுமாம். பெரிமெனோபாஸ்னு பேரு. மாசாமாசம் முட்டை வெளிவராது, அதனால புரோஜெஸ்டிரான் சுரக்காது, உள்சவ்வு தடிச்சுக்கிட்டே போய் ஒரு நாள் மொத்தமா உதிரும். நம்ம பாட்டிங்க இதுக்கு "பெரும்பாடு"ன்னு ஒரு அழகான வார்த்தை வச்சிருந்தாங்க. வார்த்தையைத் தொலைச்சோம், வாயையும் மூடிக்கிட்டோம்.

ரத்தம் பார்த்தாங்க. 7.6 கிராம். 12 இருக்கணும். மேட்டுல மூச்சு வாங்கினதுக்குக் காரணம் சைக்கிள் இல்ல, ரத்தமே இல்லாததுதான்! தைராய்டு, ஸ்கேன், கர்ப்பப்பைவாய் பரிசோதனை, உள்சவ்வுல துளி எடுத்து டெஸ்ட். சின்ன ஃபைப்ராய்டு கட்டி ஒண்ணு, மத்தபடி புற்று ஒண்ணும் இல்ல. போக்கைக் குறைக்க ட்ரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை, அப்புறம் இரும்பு மாத்திரை. அதுலயும் கேக்கலைன்னா கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற ஹார்மோன் வளையம் இருக்குன்னாங்க. ரத்தம் ஏறுற வரைக்கும் ரெண்டு மாசம் மெதுவா ஓட்டுங்க, அப்புறம் உங்க இஷ்டம்னாங்க. எலும்புக்கு சைக்கிள் மட்டும் பத்தாது, நடக்கவும் செய்ங்கன்னு ஒரு குட்டு வேற.

நியாயமாப் பேசணும்னா சைக்கிளால வந்த தொல்லையும் ஒண்ணு இருந்துச்சு. பையன் வாங்கிக் கொடுத்த கியர் சைக்கிள், சீட்டு கத்தி மாதிரி, ஹேண்டில் தாழ்ந்து கெடக்கும். உரசி உரசிப் புண்ணு, மரத்துப் போறது, ஒண்ணுக்குப் போனா எரிச்சல். இந்த வயசுல ஈஸ்ட்ரோஜன் குறைஞ்சு அந்த இடத்துத் தோலும் காய்ஞ்சு மெலிஞ்சு போகுது, அதுக்கே தனி க்ரீம் இருக்கு, டாக்டர்கிட்ட கேக்கலாம். இதை எந்தப் பெரிய மனுஷியும் என்கிட்ட கேக்கல. கேட்டது எங்க ஊர் சைக்கிள் கடைக்காரர். "உக்கார முடியல தம்பி"ன்னு மட்டும்தான் சொன்னேன். "அக்கா, ஹேண்டில் சீட்டை விடத் தாழ இருக்கு, பாரம் பூரா முன்னாடி விழுது"ன்னு ஸ்பேனரை எடுத்து அஞ்சே நிமிஷத்துல தூக்கி விட்டார், அகல ஸ்பிரிங் சீட்டும் மாட்டினார். அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துக்காரங்க 48 சைக்கிள்காரப் பொண்ணுங்களை வச்சு ஆராய்ஞ்சு 2012-ல இதையேதான் எழுதியிருக்காங்க, ஹேண்டில் தாழ்ந்தா அழுத்தம் கூடும், உணர்ச்சி குறையும்னு. நம்ம தம்பிக்கு எந்தப் பட்டமும் இல்ல :)

இதையெல்லாம் திண்ணையில உக்காந்து நான் சத்தமா சொல்லிக்கிட்டு இருந்த அன்னைக்கு ராத்திரி, பக்கத்து வீட்டுப் பெரியம்மா பின்வாசல் வழியா வந்தாங்க. 54 வயசு. தீட்டு நின்னு மூணு வருஷம் ஆச்சாம். ரெண்டு மாசமா திரும்ப படுதாம். "மவன் பின்னாடி வண்டியில குலுங்கிப் போனதால இருக்கும்னு நெனச்சேன்மா. இந்த வயசுல இதைப் போய் யார்கிட்ட சொல்றது?" எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது. ஒரு வருஷம் முழுசா நின்னப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் பாத்தே ஆகணும். அதிகம் பேருக்கு பயப்படற மாதிரி இருக்காது, ஆனா கர்ப்பப்பைப் புற்று முதல்ல காட்டுற அடையாளமும் அதுதான். வண்டி குலுங்கினது, சூடு, சைக்கிள்னு நாம கட்டி வச்ச கதைங்க அந்தம்மாவோட ரெண்டு மாசத்தைத் தின்னுடுச்சு.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிட்டு முண்டியம்பாக்கம் கூட்டிட்டுப் போனேன். உள்சவ்வு கொஞ்சம் தடிப்பா இருக்குன்னு சொல்லி துளி எடுத்து அனுப்பியிருக்காங்க. வர்ற வியாழக்கிழமை ரிசல்ட்.