பிரேக் பெடல் இறுகினால் காரை எடுக்காதீர்கள்!

பழவேற்காடு ஏரிக்கரை மீனவர் கிராமங்களில் படகுதான் முதல் வாகனம். ஆனால் நள்ளிரவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி வந்தால் கார் வேண்டும். பொன்னேரிக்குப் போக வேண்டும். அல்லது சுமார் 60 கிலோ மீட்டர் தள்ளியுள்ள சென்னைக்குப் போக வேண்டும். அந்தக் கார் பழைய காராக இருந்தால், முதலில் பிரேக்கைப் பாருங்கள்!

"பெடல் கொஞ்சம் டைட். ஓங்கி மிதித்தால் நிற்கும்" என்று சில டிரைவர்கள் சொல்வார்கள். இது தைரியம் அல்ல, ஆபத்து. குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்தால், ஓங்கி மிதிக்க நேரம் ஏது?

காற்றும் துடுப்பும்

பெடல் ஏன் இறுகுகிறது? என்ஜின் பக்கம் வட்டமான டப்பா ஒன்று இருக்கும். அதன் பெயர் பூஸ்டர். பெட்ரோல் காரில் என்ஜின் அதிலுள்ள காற்றை உறிஞ்சும். டீசல் காரில் அதற்குத் தனிப் பம்பு உண்டு. அந்த உறிஞ்சும் சக்தி நம் காலுக்குத் துணை செய்கிறது. பாயில் காற்று இருந்தால் படகு தானே ஓடும். காற்று விழுந்தால் துடுப்புப் போட வேண்டும். பூஸ்டர் கெட்டால் காலின் கதியும் அதுதான்.

முற்கால அம்பாசடர் கார்களில் பூஸ்டர் கிடையாது. அவற்றின் பெடல் இயல்பாகவே கனமாக இருக்கும். நேற்றைவிட இன்று இறுகினால்தான் கோளாறு.

மூன்று சோதனைகள்

காரைச் சமதரையில் நிறுத்துங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள்.

ஒன்று: என்ஜினை அணைத்து, பெடலை ஐந்தாறு முறை மிதியுங்கள். காலை எடுக்காமல் அழுத்தியபடி என்ஜினை ஓட விடுங்கள். பெடல் சற்றே கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டரிலோ, அதற்குப் போகும் குழாயிலோ கோளாறு.

இரண்டு: என்ஜின் ஓடும்போது பெடலை அழுத்திப் பிடியுங்கள். 'உஸ்' என்ற சத்தம் நிற்காமல் கேட்டால் காற்றுக் கசிகிறது.

மூன்று: என்ஜினை இரண்டு நிமிடம் ஓட்டி அணையுங்கள். சற்றுப் பொறுத்து மிதியுங்கள். முதல் மிதியே கல்லாக இருந்தால் குழாயிலோ அதன் வால்விலோ கசிவு இருக்கலாம்.

மூன்றிலும் குறை இல்லையா? அப்படியானால் சக்கரத்தைப் பார்க்க வேண்டும். உப்புக் காற்று நங்கூரத்தையே தின்கிறது, காரை விடுமா? பெடலின் அச்சும், சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் பிஸ்டனும் துருப்பிடித்து இறுகலாம். பிரேக் ஆயிலுக்குப் பதில் வேறு எண்ணெய் ஊற்றினாலும் உள்ளிருக்கும் ரப்பர் உப்பிக் கெடும்.

கண் முன்னே சோதிக்கட்டும்

சோதிக்காமலே லைனிங்கை மாற்றினால் பணம் போகும்; இறுக்கம் போகாது. பூஸ்டரை மாற்றச் சொன்னால், முதலில் குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள். குழாயின் விலை பூஸ்டரின் விலையைவிடக் குறைவு. மெக்கானிக் இந்தச் சோதனைகளை உங்கள் கண் முன்னே செய்து காட்டட்டும். அதைக் கேட்பது உங்கள் உரிமை.

பழுது தீரும்வரை அந்தக் கார் நிற்கட்டும். அவசரத்துக்கு வேறு வண்டியைக் கூப்பிடுங்கள். ஓட்டை விழுந்த படகில் யாரும் பிள்ளைகளை ஏற்றுவதில்லை. காருக்கும் அந்த நியாயம்தான்!