அட்டை வீடு தேடி வரட்டும்!

பொழிச்சலூரிலிருந்து செங்கல்பட்டுக் கலெக்டர் ஆபீசுக்குப் போய்த் திரும்பினால் ஒரு நாள் கூலி போயிற்று. கூலிக்காரர் வீட்டில் ஒரு நாள் கூலி என்பது ஒரு நாள் உலை. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஏழைகள் ஏன் சேரவில்லை என்று கேட்பவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

திட்டம் நல்ல திட்டம்தான். 2009ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்தது; 2012ல் இன்றைய பெயர் பெற்றது; 2018ல் மத்திய சர்க்காரின் திட்டத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. பிரீமியத்தைச் சர்க்காரே கட்டுகிறது.

ஆனால் அட்டை கையில் வர என்ன பாடு! ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று வேண்டும். சான்றுக்கான மனு இ-சேவை மையத்தில் புறப்பட்டு, கிராம நிர்வாக அதிகாரி, வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று படியேற வேண்டும். ரேஷன் கார்டைச் சொந்த ஊரில் விட்டுவிட்டுப் பிழைக்க வந்த கட்டட வேலைக்காரர், எழுத்தறியாத முதியவர், வீட்டு வேலை செய்து பிள்ளைகளைக் காக்கும் விதவை ஆகியோர் முதல் படியிலேயே நின்று போகிறார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

ஆலைத் தொழிலாளியின் நிலையைப் பாருங்கள். 1948ல் சட்டமான இ.எஸ்.ஐ. திட்டத்தில் தொழிலாளியைப் பதிவு செய்ய வேண்டியவர் முதலாளி. தொழிலாளி ஆபீஸ் ஆபீசாக அலைய வேண்டியதில்லை. வயலிலும் கட்டடத்திலும் இன்று ஒருவரிடமும் நாளை வேறொருவரிடமும் வேலை செய்கிறவரை யார் பதிவு செய்வது? முதலாளி செய்ய வேண்டிய அந்த வேலையைச் சர்க்கார்தான் ஏற்க வேண்டும். அதற்குப் பணமும் ஆளும் ஒதுக்க வேண்டும். இதுவே நமது வாதம்.

முடியாத காரியமா? 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ துவங்கியது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை பெண் ஊழியர்கள் கையால் வீடு வந்து சேர்கிறது. மாத்திரை வரும் வாசலுக்கு மனு வராதா? கேரளத்தில் 2008ல் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது, குடும்பஸ்ரீ பெண்கள் பதிவு வேலையில் இறங்கினார்கள்.

எதிர்மாறான உதாரணம் அமெரிக்கா. அங்கே காப்பீட்டில் சேர ஜனங்களுக்கு வழிகாட்டும் அமைப்புகளுக்கு 2016ல் சர்க்கார் தந்தது சுமார் 6 கோடி 30 லட்சம் டாலர். டிரம்ப் ஆட்சி 2018ல் அதை 1 கோடியாக வெட்டியது. சட்டத்தை ஒழிக்க முடியாதவர்கள், சட்டத்துக்குப் போகும் வழியை அடைத்தார்கள்!

“தனியார் ஆஸ்பத்திரிகளுக்குப் பணம் கொட்டும் திட்டத்துக்கு நாம் ஆள் சேர்ப்பதா?” என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. நமது லட்சியம் எல்லாருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் சர்க்கார் ஆஸ்பத்திரியே. ஆனால் அட்டையுள்ளவர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்றால், காப்பீட்டுப் பணம் அந்த ஆஸ்பத்திரிக்கே வருகிறது. அட்டை இல்லாதவரோ அவசரத்தில் தனியாரிடம் ஓடி, கந்துவட்டிக்காரனிடம் தாலியை வைக்கிறார். அவரிடம் போய் லட்சியம் பேசி என்ன பயன்?

வருமான வரம்பும் மாற வேண்டும். 2022ல் அது 72 ஆயிரத்திலிருந்து 1 லட்சத்து 20 ஆயிரமாக உயர்ந்தது. மாதக் கணக்கில் 10 ஆயிரம்! கணவனும் மனைவியும் கூலிக்குப் போனால் வரம்பு தாண்டிவிடும். 2017 முதல் இ.எஸ்.ஐ.யின் சம்பள வரம்பு 21 ஆயிரம். ஆலைத் தொழிலாளிக்கு ஒரு நியாயம், கூலிக்காரருக்கு வேறு நியாயமா?

ஆகவே கோருகிறோம்: பஞ்சாயத்து தோறும் பதிவு முகாம் நடத்து! கூலி கொடுத்துப் பதிவு ஊழியர்களை நியமி! சான்றை வீட்டிலேயே வழங்கு! வரம்பை உயர்த்து!

கிளைத் தோழர்களே, சங்க ஊழியர்களே! உங்கள் தெருவில் அட்டை இல்லாத வீடுகளைக் கணக்கெடுங்கள். பட்டியலோடு தாலுகா ஆபீசுக்குத் திரண்டு செல்லுங்கள். தனியாகப் போனால் நாளை வா என்பார்கள். நூறு பேர் போனால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.