கருவிப் பெட்டியில் இல்லாத ஒரு கருவி

மரவேலைக்காரர்கள் உளி, வாள், சீவுளி எல்லாவற்றையும் சேர்த்து 'ஆயுதம்' என்றே சொல்வார்கள். யுத்த காலத்தில் சோதனைச் சாவடியில் "பையில என்ன?" என்று கேட்கும்போது அந்தச் சொல் வாய்தவறி வந்துவிடுமோ என்று பயந்து நின்றவர்கள் நம் மாவட்டத்தில் இருந்தார்கள். "தச்சுச் சாமான்" என்று பாடமாக்கி வைத்துக்கொண்டு போவார்களாம். அந்தப் பயம் இன்று இல்லை. ஆனால் அந்த ஆயுதங்களைப் பற்றி நாம் இன்னும் சரியாகச் சிந்திக்கவில்லை என்பதே எனது எண்ணம்.

2004 டிசம்பர் 26 கடல்கோளுக்குப் பிறகும், 2009இல் யுத்தம் முடிந்த பிறகும், வாழ்வாதார உதவி என்ற பெயரில் தச்சுக் கருவிப் பெட்டிகள் நமது கிராமங்களுக்கு வந்தன. 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களில் பலர் 2015க்குப் பிறகுதான் சொந்தக் காணிக்குத் திரும்பினார்கள். அவர்களுக்கும் இப்படியான உதவிகள் தேவைப்பட்டன. நான் திறந்து பார்த்த பெட்டிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மின்சாரத் துளைகருவி இருந்தது. சிலவற்றில் மின்சார வட்டவாளும் இருந்தது. அளவுநாடா ஒன்று இருக்கும். மூலைமட்டம் சிலவற்றில் இருந்தது, சிலவற்றில் இல்லை. நேராக ஒரு கோடு போடுவதற்கு, போட்ட கோட்டின் வழியே வாளை நடத்துவதற்கு, ஒரு பொருளும் எந்தப் பெட்டியிலும் இல்லை. வெட்டுவதற்கு உதவி செய்தவர்கள், எங்கே வெட்டுவது என்பதைக் கண்ணிடம் விட்டுவிட்டார்கள்.

"கண்ணுதானே மட்டம்" என்பார் கிண்ணியாவில் எனக்குத் தெரிந்த ஒரு வயது முதிர்ந்த ஓடாவியார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவர் வள்ளம் கட்டிப் பழகியவர். வள்ளத்தில் நேர்கோடு எங்கே இருக்கிறது? ஏராவிலிருந்து அணியம் வரைக்கும் எல்லாமே வளைவு. மெல்லிய சலாகையை வளைத்துப் பிடித்து, சற்றுத் தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "இந்தா, இப்ப சரி" என்று சொல்லும் கலை அது. துறைமுகத்தைச் சூழ்ந்த நமது ஊர்களின் தச்சறிவு பெரும்பாலும் இந்த வளைவின் அறிவுதான். ஒரு மரத்துக்கே நம் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் வைத்திருக்கிறார்கள்: திருகோணமலை மரம். நாம் சாவண்டலை என்போம், சிங்களத்தில் ஹல்மில்ல. சென்னைக் கரையில் பேரலையைக் கடந்து கப்பலுக்கும் கரைக்கும் ஆளும் பொருளும் ஏற்றிய மசுலாப் படகுகளுக்கு இந்த மரம் பயன்பட்டது. ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகள் அவை. மூலைமட்டத்துக்கு அங்கே பெரிய வேலை இருந்திருக்காது.

ஆனால் காலம் மாறிவிட்டது. கண்ணாடி நாரிழைப் படகுகள் வந்தபின் மர வள்ளம் கட்டுவது அருகிவிட்டது. கடல்கோளுக்குப் பிறகு இலவசமாகக் கொடுக்கப்பட்டவையும் பெரும்பாலும் நாரிழைப் படகுகளே. வள்ளம் கட்டியவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இப்போது கதவு, யன்னல், அலுமாரி, சமையலறைத் தட்டுகள் செய்கிறார்கள். இங்கே எல்லாமே நேர்கோடு. அதுவும் ஒட்டுப்பலகை வந்த பிறகு நிலைமை இன்னும் கடினம். எட்டுக்கு நாலு அடிப் பலகை ஒன்று பல ஆயிரம் ரூபா. வெட்டு ஒருமுறை கோணினால் திரும்பச் சீவிச் சரிசெய்ய இடமில்லை, விளிம்பு பிய்ந்துவிடும். கெட்டிமரத்தில் செய்த பிழையைச் சீவுளி மன்னிக்கும், ஒட்டுப்பலகையில் மன்னிப்புக் கிடையாது. 2022இல் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 360 ரூபாவைத் தொட்டபோது, இறக்குமதிப் பலகையை நம்பித் தொழில் செய்த சிறிய பட்டறைகள் ஒரு பலகை வீணானாலும் தாங்க முடியாத நிலைக்கு வந்தன.

இந்த விடயத்தை எனக்குக் கற்பித்தவர் ஒரு பயிலுநர். மூதூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவர். எறிகணையில் இடக்கையை மணிக்கட்டோடு இழந்தவர். மரவேலை பழக வேண்டும் என்று எங்கள் பட்டறைக்கு வந்தபோது அவருக்கு என்ன வேலை கொடுப்பது என்று நாங்கள் குழம்பினோம். அதற்கு முன் வேறோர் இடத்தில் அவரை மெருகு பூசும் வேலைக்கு மட்டும் வைத்திருந்தார்களாம். வாள் பிடிப்பார், சீவுவார், துளையிடுவார். பலகையை இறுக்கி வைத்துக் கொடுத்தால் எல்லாம் நடக்கும். ஒன்றே ஒன்றுதான் முடியவில்லை: கோடு போடுவது. நேர்ச்சட்டத்தை ஒரு கை பிடிக்க வேண்டும், பென்சிலை மறுகை பிடிக்க வேண்டும். சட்டத்தை முழங்கையால் அழுத்திப் பார்த்தார். பாதிக் கோட்டில் சட்டம் நழுவியது. ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்துப் பொடியனைக் கூப்பிட வேண்டியிருந்தது. "சேர், ஒரு கோட்டுக்கு ஆளைக் கூப்பிடுறவனை யார் வேலைக்கு எடுப்பாங்க?" என்று அவர் ஒருநாள் கேட்டார். அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை.

பிறகு நாங்கள் செய்தது புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமல்ல. வெளிநாட்டுப் பட்டறைகளில் பலகையின் இரு விளிம்பையும் கவ்விப் பிடிக்கும் நேர்ச்சட்டம் நெடுநாளாகப் பாவனையில் இருக்கிறது. அலுமினியத்தில் செய்து விற்கிறார்கள். கொழும்பில் 'கிளாம்ப்' என்று கேட்டால் ஏதோ ஒன்றை எடுத்துக் காட்டுவார்கள், விலையைக் கேட்டால் வைத்துவிட்டு வரவேண்டியதுதான். நாங்கள் அதை மரத்தில் செய்தோம். 'கவ்வுச்சட்டம்' என்று எங்களுக்குள் பெயரும் வைத்துக்கொண்டோம்.

ஐந்தடி நீளம், மூன்றங்குல அகலம், முக்கால் அங்குலத் தடிப்பில் ஒரு சட்டம். இடிந்த வீடொன்றின் முதிரை நிலையிலிருந்து அறுத்தெடுத்தது. புதுமரத்தில் செய்தால் காயக் காய வளையும். பழைய வீட்டு மரம் வளைய வேண்டியதெல்லாம் வளைந்து முடித்துவிட்டது. சட்டத்தின் ஒரு நுனியில் அடிப்பக்கமாக ஒரு கட்டையைத் திருகாணியால் நிரந்தரமாகப் பொருத்த வேண்டும். இது சட்டத்தின் விளிம்புக்குச் சரி செங்கோணமாக இருக்க வேண்டும். மூலைமட்டத்தை நம்பாதவர்கள் 3, 4, 5 அளவு வைத்துச் சரிபார்க்கலாம். மறுபக்கம், பலகையின் அகலத்துக்கேற்ப இடம் மாற்றக்கூடிய இரண்டாவது கட்டை. அதற்காகச் சட்டத்தில் அரை அங்குலத்துக்கு ஒன்றாக, ஒன்றுவிட்டொன்று இரு வரிசையில் துளைகள். ஒரு போல்ட்டும் நட்டும் போதும். இந்தக் கட்டைக்கும் பலகையின் விளிம்புக்கும் இடையில் ஆப்பு அடித்தால் சட்டம் பலகையைக் கவ்விக்கொள்ளும்.

ஆப்பு விடயத்தில்தான் நாங்கள் முதலில் பிழைவிட்டோம். ஒற்றை ஆப்பை ஒரு பக்கத்திலிருந்து அடித்தபோது கட்டையும் அதோடு சட்டமும் அடித்த திசைக்கு மெல்ல நகர்ந்தன. கோடு கோணியது. பிறகு இரண்டு ஆப்புகளை எதிரெதிராக வைத்து, ஆளுக்கொரு தட்டாகத் தட்டியதும் பிரச்சினை தீர்ந்தது. ஆப்பின் நீளம் ஆறங்குலம், ஒரு முனை ஒன்றேகால் அங்குலம், மறுமுனை அரை அங்குலம். அதாவது எட்டுக்கு ஒன்று சரிவு. இதைவிடச் சரிவு கூடக் கூட ஆப்பு தானாக வெளியே வரப் பார்க்கும். எட்டுக்கு ஒன்றில் மரத்தோடு மரம் உராய்ந்து அப்படியே நிற்கும். பலமாக அடிக்கவும் கூடாது. பலத்து அடித்தால் கட்டைகள் வெளிப்பக்கம் சாய்ந்து பலகையின் விளிம்பிலிருந்து மேலே வழுகும். கொட்டாப்புளியால் இரண்டு தட்டுப் போதும்.

சட்டம் நேராக இருக்கிறதா என்று அறிவதற்குக் கடையில் வாங்கிய எந்த மட்டமும் வேண்டியதில்லை. ஒட்டுப்பலகையின் மேல் சட்டத்தை வைத்துக் கூரிய பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். சட்டத்தைக் கவிழ்த்து, அதே விளிம்பை அதே கோட்டின் இரு முனைகளிலும் பொருத்தி இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றாக விழுந்தால் சட்டம் நேர். நடுவில் பிளவு தெரிந்தால் அந்தப் பிளவில் பாதிதான் சட்டத்தின் பிழை. பிழையை இரண்டு மடங்காக்கிக் கண்ணுக்குக் காட்டுகிற இந்தச் சோதனையைக் கண்டு பயிலுநர்கள் முதல்முறை வியந்துபோனார்கள். பாடசாலையில் கேத்திரகணிதத்தில் தவறியவர்கள் அவர்களில் பலர்!

அந்தப் பயிலுநர் இப்போது தானே கோடு போடுகிறார். நிரந்தரக் கட்டையைப் பலகையின் விளிம்பில் வயிற்றால் அழுத்திப் பிடித்துக்கொள்வார், எட்டி ஆப்புகளைத் தட்டுவார், பென்சிலை எடுப்பார். இதில் நாங்கள் எதிர்பாராத இன்னொரு பயனும் கிடைத்தது. கோடு போட்ட சட்டத்தை அகற்றாமல், வட்டவாளின் அடித்தட்டை அதன் விளிம்போடு அணைத்து ஓட்டலாம். வாளின் அலகுக்கும் அடித்தட்டின் விளிம்புக்கும் உள்ள தூரத்தை மட்டும் சட்டத்தை வைக்கும்போது தள்ளிக்கொள்ள வேண்டும். அந்தத் தூரத்துக்கு ஒரு துண்டுப் பலகையை வெட்டி, வாளோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார் அவர். ஆனால் இரண்டு கையுள்ளவர்களுக்கும் வட்டவாள் ஆபத்தானது. அவர் அதை ஓட்டும்போது பலகையும் சட்டமும் அசையாமல் இருக்கின்றனவா என்று இன்னொருவர் பார்த்த பிறகே சுவிட்சைப் போடுவது என்பது எங்கள் பட்டறையின் விதி. அவருக்கும் அது விளங்கும்.

இதற்கு எதிராகச் சிலர் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். லேசர் கோடு காட்டும் கருவி வந்துவிட்ட காலத்தில் ஆப்பும் கட்டையும் எதற்கு என்கிறார்கள். லேசர் கோட்டைக் காட்டும், வாளைப் பிடிக்காது. அதன் பற்றரி தீர்ந்தால் அதுவும் இல்லை. இன்னும் சிலர், நூலடித்தால் போதாதா என்கிறார்கள். காவியில் தோய்த்த நூல் நல்ல சாதனம்தான், எட்டடி நீளவாக்கில் பிளக்க இன்றும் நூலைவிட வேறொன்றில்லை. கவ்வுச்சட்டம் அந்த வேலைக்கு உதவாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நூலின் கோடு தடித்தது. அந்தத் தடிப்பில் எந்தப் பக்கத்தை வெட்டுவது என்ற குழப்பம் இரட்டைக் கதவின் இரு இலைகளும் சந்திக்கும் இடத்தில் வெளியே தெரியும்.

என் கோரிக்கை பயிற்சி நடத்துபவர்களிடமும் உதவி கொடுப்பவர்களிடமும்தான். முடிந்த பெட்டியைக் கொடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை; வாளும் உளியும் நாம் செய்ய முடியாதவை, அவற்றை வாங்கித்தான் கொடுக்க வேண்டும். ஆனால் கோடும் கோணமும் காட்டும் கருவிகளைப் பயிலுநரே செய்யட்டும். பயிற்சியின் முதல் இரண்டு வாரங்களை அதற்கே ஒதுக்குங்கள். நேர்ச்சட்டம், மரத்தில் மூலைமட்டம், கவ்வுச்சட்டம் மூன்றையும் செய்து, மேலே சொன்ன கவிழ்த்துப் பார்க்கும் சோதனையில் தேறிய பிறகு மின்சார வாளைக் கையில் கொடுங்கள். 'முதல் மாதத்திலேயே ஒரு கதிரை செய்து படம் எடுத்து அனுப்ப வேண்டும்' என்ற நிபந்தனையோடு வரும் செயற்றிட்டங்களில் இதற்கு இடமிருக்காது என்பது எனக்குத் தெரியும். கதிரையின் படம் அறிக்கையில் அழகாக இருக்கும். கால் நான்கும் தரையில் படுகின்றனவா என்பது படத்தில் தெரியாது.

மாற்றுவலுவுடையோருக்கான திட்டங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. 1968இல் ஜெய்ப்பூரில் செயற்கைக் கால் உருவானபோது மருத்துவர் பி.கே.சேத்தியுடன் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேர்ந்தே வேலை செய்தார். சம்மணமிட்டு உட்காரவும் வெறுங்காலோடு வயலில் இறங்கவும் அந்தக் கால் உதவியதற்கு அந்தக் கைவினைஞரின் அறிவும் காரணம். யாழ்ப்பாணத்தில் 1987 முதல் அந்த வகைக் கால்களைச் செய்து கொடுக்கிறார்கள். காலுக்குக் கால் கொடுக்கும் அந்தப் பணியோடு, தொழிலுக்கேற்பக் கருவியை மாற்றியமைக்கும் பணியும் சேர வேண்டும் என்று விரும்புகிறேன். ஒருவருக்கு எந்தக் கை இல்லை, எந்த விரல் மடியாது, எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்று கேட்டுவிட்டுக் கருவியைச் செய்வதற்கு அனுபவமுள்ள ஓர் ஓடாவியாரும் அவருக்கு இரண்டு நாள் சம்பளமும் போதும். நமது மாவட்டத்தில் அப்படியான ஓடாவிமார் இன்னும் இருக்கிறார்கள். வள்ளம் கட்டும் வேலை இல்லாமல் வீட்டில் இருப்பவர்களும் அவர்களில் உண்டு.

கிண்ணியா ஓடாவியாரிடம் சட்டத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கண்ணை மூடி விளிம்பு வழியே பார்த்தார். "நேர்தான்" என்றார். பிறகு நிரந்தரக் கட்டையைத் தட்டிக் காட்டி, இதைத் திருகாணியால் மட்டும் விடாமல் கொஞ்சம் இழைத்து உட்கார வைத்தால் நாள்பட்டாலும் கோணம் அசையாது என்றார். அடுத்த சட்டத்தை அப்படியே செய்தோம். மூன்று சட்டங்கள் இப்போது பட்டறைச் சுவரில் தொங்குகின்றன. அளவெடுத்துப் போக விரும்புபவர்கள் ஞாயிறு தவிர்ந்த எந்த நாளிலும் வரலாம். பென்சில் கொண்டு வாருங்கள். எங்களுடையவை எப்போதும் யாராவது ஒருவருடைய காதில் இருக்கும்.