வண்டிச் சத்தமும் வாய் திறவாமையும்

கடல் கடந்து சாமான் விற்பவர்களுக்கு உபதேசம் செய்ய வருகிற பிரசங்கிகள் பல வருஷங்களாக ஒரே வாக்கியத்தைத்தான் ஓதி வருகிறார்கள்: அனுப்புகூலியைக் குறைத்துக் கணக்கிட்டுவிட்டால் அந்த நஷ்டத்தை வாய் திறவாமல் ஏற்றுக்கொள், அது வியாபாரம் படிக்க நீ கட்டும் சம்பளம். சென்ற மாதம் காரைக்குடியில் ஒரு சிறுதொழில் கூட்டத்திலும் இதையே கேட்டேன். பனையோலைக் கொட்டான் முடைகிற பெண்கள் முன்வரிசையில் அமர்ந்து இதைச் சிரத்தையோடு நோட்டில் எழுதிக்கொண்டதைப் பார்த்தபின் சும்மா இருக்க என் மனம் ஒப்பவில்லை.

தவறுக்கு மூலகாரணம் விற்பவரின் அலட்சியமே என்பது அவர்கள் கட்சி. வீட்டில் ஒரு தராசு இருந்தால் போதுமாம். என்னிடம் தராசு இருந்தது. டொரான்டோவிலுள்ள ஓர் அம்மாள் மூன்று கொட்டான்கள் கேட்டிருந்தார். பெட்டியோடு நிறுத்ததில் 1.8 கிலோ, 2 கிலோவுக்குரிய கூலியை வாங்கிக்கொண்டு கூரியர் அலுவலகத்துக்குப் போனால், அங்கே தராசுக்கு முன்னால் டேப்பை எடுத்தார்கள். நீளம் 35, அகலம் 35, உயரம் 30 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் 7.35, அதை அடுத்த அரைக் கிலோவுக்கு உயர்த்தி, 7.5 கிலோவுக்குப் பில். விமானத்தில் எடையைப் போலவே இடத்துக்கும் விலையுண்டு என்பதால், நிறுத்த எடை, அளவால் வரும் எடை ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்கே கூலி என்பது அவர்கள் விதி. பித்தளைக் குத்துவிளக்கு விற்பவர் ஆயுள் முழுவதும் இந்த விதியை அறியாமலே காலம் தள்ளிவிடலாம். உள்ளே வெற்றிடத்தையே பிரதானமாக உடைய கொட்டானை விற்பவளோ முதல் பெட்டியிலேயே அதில் அகப்பட்டுக்கொள்கிறாள். தபாலில் சிறு பொட்டலமாக அனுப்பலாமென்றால், மூன்று அளவுகளின் கூட்டுத்தொகை 90 சென்டிமீட்டருக்கு மேற்படக் கூடாது. என் பெட்டி 100.

இதற்கு மேல் எரிபொருளுக்கென்று ஒரு தொகை, எட்டாத ஊர்களுக்கென்று ஒரு தொகை. தவிர, அயல் தேசத்துச் சுங்கம் நம்மைக் கேட்டுக்கொண்டு மாறுவதில்லை. 800 டாலர் வரையிலான பொட்டலங்களுக்கு அமெரிக்கா அளித்திருந்த விலக்கு 2025 ஆகஸ்டு 29 அன்று நீங்கியது. அதற்குச் சில நாள் முன்பே, 25-ஆம் தேதி முதல், அந்நாட்டுக்கான பெரும்பாலான தபால் சாமான்களை நம் தபால் இலாகா வாங்க மறுத்தது. அந்த வாரத்தில் பணம் வாங்கிவிட்டு ஓலையை முடைந்துகொண்டிருந்தவளின் அலட்சியம் எங்கே இருக்கிறது?

ஒப்பந்தம் ஒப்பந்தமே என்று சட்டம் பேசுகிறவர்களும் உண்டு. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு ஒரு தரப்பாரின் தவறு காரணமாக மட்டும் ஒப்பந்தம் முறியாது என்கிறது. கேட்கவே கூடாது என்று அது சொல்லவில்லை. எல்லோரிடமும் கொஞ்சம் கூட்டி வாங்கிவிடு என்கிற யுக்தியைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்றே: சிங்கப்பூர்க்காரர் ஏன் கனடாக்காரருக்காகக் கட்ட வேண்டும்?

ஆனால் இவர்கள் அடியோடு மறந்துவிட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. கொட்டானின் விலை எனக்குரியது. அதில் நான் தவறினால் நஷ்டமும் எனக்குரியது. அனுப்புகூலியாகிய வண்டிச் சத்தமோ, வாங்குபவர் கையிலிருந்து என் கை வழியாக வண்டிக்காரனுக்குப் போய்ச் சேருகிற அந்நியர் பணம். அதில் நூறு ரூபாய் மிஞ்சினால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதில் இந்தப் பிரசங்கிகளுக்கும் எனக்கும் அபிப்பிராய பேதமில்லை. மிஞ்சியதை வைத்துக்கொள்பவரை அவர்களே மோசக்காரர் என்பார்கள். மிஞ்சினால் அவருடையது, குறைந்தால் மட்டும் என்னுடையது என்றால், அந்த நியாயம் எந்தத் தராசில் நிறுத்தது? முடைகிறவளுக்கு ஒரு கொட்டானில் நிற்கும் கூலியையும், அரைக் கிலோவுக்கு ஏறுகிற விமானக் கூலியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தவர் எவரும் இதைப் படிப்புச் சம்பளம் என்று சொல்ல நாக்கூசுவார்.

வாங்குபவர் மனம் கோணுவார் என்பது அவர்களுடைய கடைசி வாதம். பெட்டி கைவிட்டுப் போன பிறகு கேட்டால் கோணத்தான் செய்வார். அப்போது நானும் கேட்க மாட்டேன். பெட்டி என்னிடம் இருக்கும்போதே அந்த அம்மாளுக்கு அளவுகளையும் பில்லையும் படம் பிடித்து அனுப்பி, மீதியைக் கட்டுவதானாலும் சரி, முழுப் பணத்தையும் திரும்பப் பெறுவதானாலும் சரி என்று எழுதினேன். அவர் இரண்டையும் செய்யவில்லை. ஒரு கொட்டானை மட்டும் அனுப்பி, மற்ற இரண்டின் விலையைத் திருப்பச் சொன்னார். நீளமும் அகலமும் 30, உயரம் 22, ஆகக் கூட்டுத்தொகை 82; தபாலிலேயே போய்விட்டது.