பழைய கருவி குறையுள்ள கருவியா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

புதியது வந்ததும் பழையது பயனற்றுப் போகும் என்பது நம்மில் பலரின் எண்ணம். அது எப்போதும் சரியன்று என்பதற்கு நெதர்லாந்து நாட்டு இசைமேதை குஸ்தாவ் லியோன்ஹார்ட்டின் (1928–2012) வாழ்க்கையே சான்று.

அவர் கையாண்ட கருவி ஹார்ப்சிகார்ட். பியானோவில் சுத்தியல் கம்பியைத் தட்டும். விரலின் வேகம் கூடினால் ஒலியும் கூடும். ஹார்ப்சிகார்டிலோ, கட்டையை அழுத்தியதும் சிறு இறகுமுள் எழுந்து கம்பியைச் சுண்டும். எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் ஒலியின் அளவு அதிகம் மாறாது. ஆகவே பியானோ பரவியதும் இக்கருவி மேடையை விட்டு அகன்றது. பாக் (1685–1750) ஹார்ப்சிகார்டை மனத்திற்கொண்டு எழுதியவற்றையும் பியானோவிலேயே வாசித்தனர்.

இசைக்குழுவை நடத்தக் கற்க வியன்னா சென்ற லியோன்ஹார்ட், அங்கே நூலகத்தில் அமர்ந்து பழைய இசைக்குறிப்புகளைக் கையால் படியெடுத்தார். 1950-இல் அந்நகரிலேயே பாக்கின் ‘ஃபியூக் கலை’யை ஹார்ப்சிகார்டில் வாசித்து அரங்கேறினார். ஒலியைக் கூட்ட முடியாத கருவியில் உணர்ச்சியைக் காட்டுவது எப்படி? ஒரு சுரத்தை இமைப்பொழுது தாமதித்துத் தொட்டார். மற்றொன்றைச் சற்றே நீட்டிப் பிடித்தார். காலத்தைக் கொண்டே அழுத்தத்தை உணர்த்தினார்.

1971 முதல் 1990 வரை ஹார்னன்கூர்ட்டுடன் பணியைப் பகிர்ந்துகொண்டு, பாக்கின் தேவாலயக் கான்டாட்டாக்களைப் பாக் காலத்து முறையில் அமைந்த கருவிகளால் இசைத்தட்டில் பதித்தார். 1980-இல் இருவருக்கும் எராஸ்மஸ் பரிசு கிடைத்தது. கூப்மன், ஹாக்வுட் போன்ற மாணவர்கள் பின்னாளில் தாமே இசைக்குழுக்களை நிறுவினர்.

“பாக் இன்றிருந்தால் பியானோவைத்தானே விரும்புவார்? இறந்த காலத்தை மீட்க முடியுமா?” என்று கேட்பாருண்டு. முழுவதும் மீட்க முடியாதுதான். அன்றைய செவிகள் நம்மிடம் இல்லை. ஆயினும், ஆய்வுக்கூடத்தில் கருவியை மாற்றிவிட்டு அதே அளவீட்டை எதிர்பார்க்கிறோமா? எக்கருவிக்கென எழுதினாரோ அதில் வாசித்துப் பார்த்தால்தானே எழுதியவரின் கருத்து விளங்கும்! இது பழமைப் பித்தன்று, பரிசோதனை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். “இந்தப் படிப்புக்கு என்ன வேலை கிடைக்கும்?” என்று ஊரார் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான், நம்மில் பலருக்குச் சோற்றுக் கேள்வியும் கூட. ஆனால் அது ஒன்றே கேள்வியாகிவிட்டால், நூலகத்தில் படியெடுத்த அந்த இளைஞன் வீண்பொழுது போக்கியவனாகிவிடுவான். அவனைப் போன்றோர் உழைப்பாலன்றோ மறக்கப்பட்ட கருவி மீண்டும் பேசியது!

நண்பர்களே, வேலைக்காகப் படிப்போம். அதோடு, உடனே பயன் தராத அறிவுக்கும் நம் நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்குவோம்.