மருத்தைப் பறக்க வைத்தது யார்?

பெங்களூர் விசுவேசுவரையா பொருட்காட்சி சாலையிலே "மருத்" என்னும் போர் விமானம் ஒன்று நிறுத்தி வைக்கப்பட்டிருக்கின்றது. மருத்துக்கள் என்பார் வேதத்தில் வரும் புயல் தேவர்களாம். மனிதன் செய்த யந்திரத்துக்குத் தேவனுடைய பெயரை வைத்துவிட்டால், பார்க்க வருகின்ற பாமரன் என்ன நினைப்பான்? "இதெல்லாம் நம் ரிஷிகளுக்கு அப்போதே தெரியும்" என்றுதானே நினைப்பான்? அப்படி நினைக்கச் செய்வதற்கென்றே ஒரு கூட்டம் பாடுபட்டும் வருகின்றது. 2015-ல் பம்பாயில் கூடிய விஞ்ஞான காங்கிரசிலேயே, வேத காலத்தில் விமானங்கள் பறந்தன என்று வெட்கமில்லாமல் கட்டுரை வாசித்தார்கள்.

சரி, இந்த மருத்தின் கதை என்ன? இதற்குத் திட்டம் போட்டவர் எந்த ரிஷியுமல்ல. 1956-ல் பெங்களூர் வந்த குர்ட் டாங்க் என்னும் ஜெர்மானியர். 1959-ல் இதே அளவில் மரத்தால் ஒரு விமானம் செய்து, டக்கோட்டா விமானத்தில் கட்டி இழுத்துப் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். 1961 ஜூன் 17-ந் தேதி சுரஞ்சன் தாஸ் என்பவர் அசல் விமானத்தை முதன்முதல் ஓட்டினார். பிறகு 147 விமானங்கள் செய்யப்பட்டன.

ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகம் வேண்டுமென்று போட்ட திட்டம் இது. அதற்கு வேண்டிய பெரிய எஞ்சினை இங்கிலாந்தில் அரைகுறையாக விட்டுவிட்டார்கள். அதை முடிக்கப் பணம் கொடுக்க நமது சர்க்காரும் இசையவில்லை. சிறிய எஞ்சின்கள் இரண்டைப் பூட்டியதால் ஒலியின் வேகத்தை எட்டுவதே பெரும்பாடாயிற்று. புயல் தேவன் பெயர் இருந்ததே, ஒரு மைல் வேகமாவது கூடிற்றா? வேகத்தைக் கூட்டுவதற்கான சோதனையில், 1970 ஜனவரி 10-ந் தேதி அந்தச் சுரஞ்சன் தாஸே விழுந்து மாண்டார். தேவன் தாங்கிப் பிடிக்கவில்லை.

1971 யுத்தத்தில் எதிரி சுட்டு ஒரு எஞ்சின் கெட்டபின்னும் சில மருத்துகள் ஊர் திரும்பின. அது எவன் அருள்? இரண்டாவது எஞ்சினின் அருள்! அந்த எஞ்சினைப் பூட்டிய தொழிலாளி யார்? வேதம் காதில் விழுந்தால் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று எந்தச் சூத்திரனைப் பற்றிச் சாஸ்திரம் எழுதி வைத்தார்களோ, அவன் பிள்ளைகளும் அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள்தானே! வேலை அவனுடையது, பெயர் மட்டும் வேதத்தினுடையதா?

ரிஷிகளின் விமான சாஸ்திரம் என்று ஒரு புத்தகத்தைக் காட்டுவார்கள். அதே பெங்களூர் விஞ்ஞானக் கழகத்து அறிஞர்கள் ஐவர் 1974-ல் அதை ஆராய்ந்து, அது 1904-க்கு முற்பட்டதல்ல, அதிலுள்ள எந்த விமானமும் பறக்காது என்று சொல்லிவிட்டார்கள். மருத் 1990-ல் ஓய்வு பெற்றது. இந்தப் புளுகுக்கோ ஓய்வே கிடையாது.

2019 அக்டோபர் 8-ந் தேதி, பிரான்சில் வாங்கிய ரபேல் விமானத்தில் ஓம் எழுதி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார் ராணுவ மந்திரி ராஜ்நாத் சிங். அன்றே அதில் ஏறிப் பறக்கவும் செய்தார். ஏறும்போது தலையில் கவசம் மாட்டிக்கொண்டு ஏறினாரே, எலுமிச்சம்பழம் போதவில்லையா?