ஏன் சார் கொடுக்கிறீங்க?

பழைய வண்டி என்ன விலைக்குப் போகும் என்று கேட்டால் ஒருத்தர்கூட விலை சொல்வதில்லை. “நீங்க என்ன சார் எதிர்பார்க்கிறீங்க?” என்று திருப்பிக் கேட்கிறார்கள். பழைய பேப்பர்காரர்கூடக் கிலோவுக்கு இவ்வளவு என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறார். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டிக்கு மட்டும் என் எதிர்பார்ப்பு எதற்கு?

என்னுடையது 2014 மாடல் ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட். டீசல், டைட்டானியம், சிங்கிள் ஓனர். மறைமலை நகரில் தயாரானது. நான் இருக்கும் செங்கல்பட்டிலிருந்து கூப்பிடு தூரம். 2013-இல் இந்த வண்டி வந்தபோது புக் செய்துவிட்டு மாசக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். நீளம் 3,999 மில்லிமீட்டர். நாலு மீட்டருக்கு ஒரே ஒரு மில்லிமீட்டர் கம்மி. டீசல் இன்ஜினும் 1,500 சி.சி.க்குள். இரண்டும் வரிச்சலுகைக்காகப் பார்த்துப் பார்த்து வைத்த அளவு. புதுசாக விற்கும்போது மில்லிமீட்டர் சுத்தமாகப் போட்ட கணக்கு, பழசானதும் லட்ச ரூபாய் முன்னே பின்னே ஆடுகிறது.

சரி, இன்சூரன்ஸ் காகிதத்தில் ஐ.டி.வி. என்று ஒரு மதிப்பு இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்றால் அது இன்னொரு கூத்து. வாங்கி ஆறு மாசம் வரை 5 சதவீதம், ஒரு வருஷம் வரை 15 என்று ஆரம்பித்து, ஐந்தாவது வருஷத்தில் 50 சதவீதம் வரை தேய்மானத்துக்கு அட்டவணை உண்டு. அதைத் தாண்டிய வண்டிக்கு அட்டவணை கிடையாது; கம்பெனியும் வண்டிக்காரரும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டுமாம். என்னிடம் யாரும் பேசவில்லை. வருஷா வருஷம் ஒரு தொகை அச்சாகி வருகிறது, பணம் கட்டுகிறேன். அதை ஒரு புரோக்கரிடம் காட்டினேன். “இந்த விலைக்கு அவங்களையே எடுத்துக்கச் சொல்லுங்க சார்” என்றார். பதில் சொல்லத் தோன்றவில்லை. வண்டி திருடுபோனால் தருகிற தொகைக்கு உச்சவரம்புதான் அது. ஓடுகிற வண்டியின் சந்தை விலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆன்லைனில் ‘உங்கள் காரின் மதிப்பை ஒரே நிமிடத்தில் அறியுங்கள்’ என்கிறார்கள். வருஷம், மாடல், ஓடிய கிலோமீட்டர், எத்தனையாவது ஓனர் என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, விலையைக் காட்டப் போகும் நேரத்தில் போன் நம்பர் கேட்கிறார்கள். கொடுத்ததும் வந்த பதில்: இரண்டரை லட்சம் முதல் மூன்றே முக்கால் வரை. அந்த இடைவெளியில் நல்ல பைக்காகவே ஒன்று வாங்கிவிடலாம். பிறகு டீ-ஷர்ட் போட்ட ஒரு பையன் வந்து, பெயின்ட் கனம் பார்க்கும் கருவியைக் கதவு கதவாக வைத்துப் பார்த்து, படமெடுத்து ஏலத்துக்கு அனுப்பினான். பொறுமையான பையன், அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஏலத்தில் வந்த தொகைதான் அந்த இரண்டரைக்கும் கீழே. கேட்டால், “முதல்ல காட்டினது எஸ்டிமேட் சார்.”

கார் கன்சல்டிங் கடைக்காரர்கள் இதற்கெல்லாம் மேலே. ஒருவர் வந்தார். பேனட் பக்கமே போகவில்லை, நேராகக் கண்ணாடிக்குப் போனார். ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் அது எந்த வருஷம் தயாரானது என்பதற்குப் பொடியாக ஒரு குறி இருக்கும். என் வண்டியில் இடது பின்கதவுக் கண்ணாடிக்கு மட்டும் வருஷம் வேறு. தெருப் பையன்கள் கிரிக்கெட் ஆடி உடைத்தது. “அடி வாங்கின வண்டிங்களா?” என்றார். அடுத்து டயர். அதன் பக்கவாட்டில் 3219 என்று இருந்தால் 2019-ஆம் வருஷம் 32-ஆவது வாரம் தயாரானது என்று அர்த்தம். “நாலும் மாத்தணும்.” கதவு ரப்பரைப் பிய்த்து உள்ளே வெல்டிங் புள்ளிகளை விரலால் தடவிப் பார்த்தார். அங்கே ஒன்றும் சிக்கவில்லை. சிக்காததைப் பற்றிப் பேச்சே இல்லை. “டைமிங் பெல்ட் மாத்தின பில் இருக்கா?” இருந்தது, ஓடிப்போய் எடுத்து வந்தேன். பார்த்தார், மடித்துக் கையில் கொடுத்தார். அவர் கணக்கில் கழித்தல் மட்டும்தான் உண்டு.

பிறகு உலக நடப்பு. “டீசல் பத்து வருஷம்தானே சார்?” அது டெல்லி வட்டாரத்துச் சமாசாரம். இங்கே சொந்த வண்டிக்கு ஆர்.சி. 15 வருஷம், அதற்குமேல் எஃப்.சி. காட்டிப் புதுப்பித்துக்கொள்ளலாம். அவருக்கு இது தெரியாதா என்ன? “செப்டம்பர்ல ஜி.எஸ்.டி. குறைச்சு புது வண்டியே இறங்கிருச்சே!” வாஸ்தவம், 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு 18 சதவீதம்தான். “எங்க லாபத்துக்கு வேற வரி ஏத்திட்டாங்க.” அதுவும் உண்மை, இந்த அளவு வண்டிக்கு 12-ஆக இருந்ததை 2025 ஜனவரியில் 18 ஆக்கினார்கள். ஆனால் அது அவருடைய லாபத்துக்கு அவர் கட்டுகிற வரி ஐயா, என் விலையில் ஏன் கை வைக்கிறார்?

கடைசி அஸ்திரம், “கம்பெனியே போயிருச்சே.” 2021 செப்டம்பரில் இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது, மறுவருஷம் மறைமலை நகரில் கதவு மூடியது. ஒப்புக்கொள்கிறேன். 2024 செப்டம்பரில் திரும்பவும் அங்கேயே தயாரிக்கப் போவதாகச் சொன்னதே என்றேன். “அது ஏற்றுமதிக்கு சார், உங்க வண்டிக்கு என்ன?” கெட்ட செய்தி அன்றைக்கே விலையில் இறங்கிவிடுகிறது, நல்ல செய்தி மட்டும் கப்பலேறிப் போய்விடுகிறது.

இத்தனைக்கும் நடுவில் எல்லோரும் தவறாமல் கேட்கும் கேள்வி, “ஏன் சார் கொடுக்கிறீங்க?” அக்கறை என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் ஆளுக்கொரு காரணம் சொல்லிப் பார்த்தேன். பெரிய வண்டி எடுக்கப் போகிறேன் என்றால் குரலில் மரியாதை, விலையும் கொஞ்சம் நிமிர்கிறது. பெண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும் என்றால் மளமளவென்று சரிகிறது. வெளியூருக்கு மாற்றல், அடுத்த மாசம் கிளம்பணும் என்றால் கேட்கவே வேண்டாம். அப்படியானால் இவர்கள் எடை போடுவது வண்டியையா, என் அவசரத்தையா? அவசரத்தைத்தான் என்றால் டயரையும் கண்ணாடியையும் எதற்கு நோண்ட வேண்டும்?

கண்ணாடியை நோண்டிய அந்தக் கன்சல்டிங்காரர் கடையிலேயே 2014 டீசல் ஈக்கோஸ்போர்ட் ஒன்று விற்பனைக்கு நின்றது. என் மச்சானை அனுப்பி, வாங்குகிறவர் மாதிரி விசாரிக்கச் சொன்னேன். “கதவைச் சாத்திப் பாருங்க சார், சத்தத்துலயே தெரியும். இனிமே இந்த வண்டி வராது, அதான் இவ்வளவு டிமாண்டு” என்றாராம். ஸ்பேர் கிடைக்குமா? “எல்லாம் கிடைக்குது.” டயர்? “இன்னும் இருபதாயிரம் அசால்ட்டா ஓடும்.” பத்து வருஷம் தாண்டிய டீசலாச்சே? “அதெல்லாம் டெல்லியில சார்.” விலை நாலேகால். கடைசியா எவ்வளவுக்குத் தருவீங்க என்று மச்சான் கேட்டிருக்கிறார்.

“நம்ம கடையில ஃபிக்ஸட் ரேட் சார், பேரமே கிடையாது.”